கடைசி வண்டி துளசிமணி

கோயம்புத்தூர் ஜில்லாவிலேயே அல்ஜீப்ராவுக்கு மாடு பூட்டி ஓட்டிய ஒரே மனிதர் எங்கள் ரேக்ளா சார்தான். இதை எந்த மேடையிலும் சொல்லத் தயார். யாரும் மேடை தராததால் இங்கே சொல்கிறேன்.

அவருக்கு முறையாக ஒரு பெயர் இருந்தது. டுடோரியல் போர்டில் படித்த பட்டத்தோடு எழுதிக்கூட வைத்திருந்தார்கள். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாராவது வந்து விசாரித்தால், கீழே மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறைக்காரர், "அப்படி யாரும் இங்க இல்லீங்களே" என்று திருப்பி அனுப்பிவிடுவார். ரேக்ளா சார் என்று கேட்டால் மட்டும் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு மாடிப்படி வரை வந்து வழிகாட்டுவார்.

கணபதி என்கிற ஏரியாவில் அந்தப் பட்டறை மாடியில்தான் எங்கள் டுடோரியல். அவர் கணக்கு, நான் இங்கிலீஷ். எங்களிடம் படித்தவர்கள் எல்லாரும் பெண்கள். சின்ன வயதில் மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் வேலைக்குப் போய்ப் படிப்பை விட்டவர்கள். கல்யாணம் கட்டி, பிள்ளைகளை வளர்த்து, இனி நாமும் பத்தாவது எழுதிப் பார்ப்போமே என்று வந்தவர்கள். வகுப்பு மத்தியானம் மூன்று மணிக்கு. அடுப்படி வேலை முடிந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்புவதற்குள் அவர்களுக்கென்று கிடைக்கிற நேரம் அது ஒன்றுதான்.

அந்த நேரத்தில் கொரோனா வந்தது. மாடியைப் பூட்டினோம். வகுப்பு ஃபோனுக்குள் போயிற்று.

ஃபோனில் பாடம் நடத்தியவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும். எதிரே முகம் கிடையாது, கறுப்புக் கட்டங்கள்தான். "புரியுதாங்க?" என்று கேட்டால் சத்தமே வராது. யார் வீட்டிலோ குக்கர் விசிலடிக்கும். அதையே 'யெஸ் மிஸ்' என்று எடுத்துக்கொண்டு நான் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். ஒரு நாள் பாஸ்ட் டென்ஸ் முழுவதையும் தொண்டை வறளக் கத்தி முடித்த பிறகுதான், மைக்கையே நான் ஆன் செய்யவில்லை என்று தெரிந்தது. ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீங்க ஆர்வமா நடத்திட்டிருந்தீங்க மிஸ், நடுவால பேசுனா நல்லாருக்காதுன்னு விட்டுட்டோமுங்க" என்றார்கள். எங்கள் ஊர் மரியாதை அப்படிப்பட்டது.

கணக்கு சாரின் பாடு இன்னும் மோசம். முகத்தைப் பார்க்காமல் அவரால் ஒரு வரி நடத்த முடியாது. நாளுக்கு நாள் கட்டங்கள் குறைந்துகொண்டே வந்தன. அப்போதுதான் ஆசிரியர்களுக்கென்று ஏதோ ஆன்லைன் பயிற்சி ஒன்று நடந்தது. அதில் ஒருவர், மாணவர்களை வகுப்பில் நிறுத்திவைக்க 'கேமிஃபிகேஷன்' என்று ஒன்று இருக்கிறது, படிப்பை விளையாட்டாக்க வேண்டும், பாயிண்ட் தர வேண்டும், பேட்ஜ் தர வேண்டும் என்று பேசிக்கொண்டே போனார். நான் கேமராவை அணைத்துவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பயிற்சி முடிந்த அடுத்த நிமிஷம் சார் கூப்பிட்டார். வெளையாட்டுலதானுங்க மேடம் எல்லாமே இருக்குது என்றார். குரலைக் கேட்டால் புதையல் கிடைத்த ஆள் மாதிரி இருந்தது. முதலில் சாப்பிட்டீர்களா என்று கேட்டேன்.

முதல் விளையாட்டு, யார் முந்திப் பதில் சொல்கிறார்களோ அவர்களுக்குப் பாயிண்ட். உலகம் முழுக்க நடக்கிற விளையாட்டுதான். எங்கள் ஊரில் நடக்கவில்லை. கேள்வி கேட்டதும், "நீங்க சொல்லுங்க்கா" என்பாள் ஒருத்தி. "ஐயோ இல்லீங்க, நீங்கதான் மொதல்ல மைக்கு போட்டீங்க, நீங்களே சொல்லுங்க" என்பாள் இன்னொருத்தி. பெரியவங்க இருக்கறப்ப நாங்க எப்படிங்க என்று மூன்றாமவள் விலகிக்கொள்வாள். விடை எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஒருவரை ஒருவர் முந்துவதற்குத்தான் யாருக்கும் மனசு வரவில்லை. ஒரு மணி நேரத்தில் ஒரு கேள்விகூட முடியவில்லை.

சரி என்று பட்டம் கொடுக்க ஆரம்பித்தார். பின்னக் கணக்கைச் சரியாகப் போட்டால் 'பின்னப் புலி', வகுத்தலுக்கு 'வகுத்தல் ராணி'. தானே கலர் பென்சிலில் வரைந்து, ஃபோட்டோ எடுத்து அனுப்புவார். கோட்டைமேட்டு ஷாகிதா வீட்டிலேயே பிரியாணி மசாலா அரைத்து விற்பவள். அவள் தன் பின்னப் புலியை மசாலா படத்துக்குப் பக்கத்திலேயே ஸ்டேட்டஸில் வைத்துவிட்டாள். வாடிக்கைக்காரர்கள் எல்லாம், 'பின்னப் புலி மசாலா' புதுசா வந்திருக்காமே, அதைக் கொடு என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அவள் வியாபாரம் ஏறிற்று. கணக்கு அப்படியேதான் இருந்தது.

மூன்றாவதாகத்தான் அந்த பீரோ வந்தது.

சார் வீட்டில் ஒரு பழைய இரும்பு பீரோ உண்டு. அவர் மனைவி சீதனமாகக் கொண்டுவந்தது. அதன் கதவுகளின் மேல் சுண்ணாம்பில் ரோடு போட்டார். இடது ஓரம் கணபதி, வலது ஓரம் பவானி. ஆளுக்கொரு அட்டை ரேக்ளா வண்டி, பந்தய மாட்டோடு, ஒவ்வொன்றின் முதுகிலும் பழைய ஸ்பீக்கரில் பிரித்த காந்தத் துண்டு. மாட்டுக்குப் பெயர் அவரவர் இஷ்டம். சரியான விடை சொன்னால் வண்டி ஒரு விரல் தூரம் நகரும். யாரையும் முந்திப் பேச வேண்டாம், விடையை அவருக்கு மட்டும் எழுதி அனுப்பினால் போதும். ஜெயிக்கப்போவது மாடுதானே, அதில் மரியாதைக் குறைவு என்ன இருக்கிறது? எங்கள் ஜனங்களுக்கு அந்த ஒன்று போதுமாயிருந்தது.

தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் சலங்கையை வைத்துக் குலுக்கியபடி அவர் சொல்லும் வர்ணனையைக் கேட்க வேண்டும். "ஷாகிதாக்கா காளை தலையத் தூக்கிருச்சுங்க, பின்னாலயே அமுதாக்கா செவலை வாராருங்க" என்று மாட்டுக்கும் சேர்த்து 'ங்க' போடுவார். சத்தம் தெரு முனை வரை கேட்கும். சந்தேகப்பட்டு எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், பீரோவை விரட்டிக்கொண்டு நின்றவரைப் பார்த்துவிட்டு, சாரின் மனைவியிடம் ரகசியமாக நல்ல டாக்டர் ஒருவர் பெயரைச் சொல்லிவிட்டுப் போனாராம். ஒரு நாள் ரேஸ் நடுவில் அந்தம்மா புடவை எடுக்கக் கதவைத் திறந்துவிட்டார். பாதி மாடுகள் கதவோடு போய்விட்டன. சார் கொஞ்சமும் அசரவில்லை. ரோடு வேலை நடக்குதுங்க, எல்லாரும் பொறுத்துக்குங்க என்று சொல்லிவிட்டு, புடவை எடுத்து முடிக்கும் வரை வாய்ப்பாடு கேட்டார்.

ஜெயித்தவருக்குப் பரிசு, சாரை என்ன வேண்டுமானாலும் செய்யச் சொல்லலாம். பெரும்பாலும் தோப்புக்கரணம் போடச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்களிடம் வாங்கிய பழைய பாக்கியை எல்லாம் அந்த மனிதரிடம் வசூலித்துக்கொண்டார்கள். அவரும் காதைப் பிடித்துக்கொண்டு, எண்ணிச் சொல்லச் சொல்லிப் போட்டார். வகுப்பில் மறுபடியும் ஆள் சேர்ந்தது. முகங்கள் தெரிந்தன. என் இங்கிலீஷுக்கு வந்தவர்கள் அவசர அவசரமாக, "மிஸ், சீக்கிரம் விட்டீங்கன்னா மாடு பூட்டப் போலாமுங்க" என்றார்கள். எனக்கு வயிற்றெரிச்சல்தான், மறைப்பானேன்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது சரோஜா வராமல் நின்றாள்.

சரோஜா சரவணம்பட்டிப் பக்கம் ஒரு அங்கன்வாடியில் சமையல் உதவியாளர். நாற்பதைத் தாண்டியவள். பிள்ளைகளுக்கு அவள் 'ஆயா'. அவர்களுக்குப் பாட்டுச் சொல்லித்தருகிறவர் 'டீச்சர்'. பத்தாவது பாஸானால் உதவியாளரும் பணியாளராக, அதாவது அந்த டீச்சராகவே, உயரலாம். சேர வந்த அன்று எதற்குப் படிக்கிறீர்கள் என்று கேட்டேன். சம்பளத்தைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை. "அந்தக் கொழந்தைங்க என்னைய ஒரு நாளாச்சும் டீச்சர்னு கூப்புடோணுமுங்க மிஸ்" என்றாள். மற்ற பாடங்கள் எல்லாம் தேறிவிட்டாள். கணக்கில் மட்டும் முன்பே எழுதிக் கவிழ்ந்திருந்தாள்.

பீரோ ரேஸில் அவளுடைய மயிலைக் காளை கணபதியை விட்டு நகரவே இல்லை. தினமும் கடைசி. நான் ஃபோன் செய்தபோது சிரித்துக்கொண்டேதான் பேசினாள். அன்னைக்குக் கடைசி பெஞ்சு, இன்னைக்குக் கடைசி வண்டி, எனக்குப் பழகிருச்சுங்க, மாடுதான் பாவம், என்னால அதுக்கும் கெட்ட பேரு என்றாள். சொல்லி முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. இனி வரவில்லை என்று வைத்துவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்தில் நேராக சாரைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினேன். முன்னால் ஓடுகிறவர்களுக்கு உங்கள் விளையாட்டு நன்றாகத்தான் இருக்கிறது, கடைசியில் நிற்கிறவள் தினமும் அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமே, அதை யோசித்தீர்களா என்று கேட்டேன். எப்போதும் ஒன்றுக்கு நாலு சொல்கிற மனிதர், "சரிங்க மேடம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். ரொம்பத் திட்டிவிட்டோமோ என்று இருந்தது.

அடுத்த வாரமே புதிதாக ஒரு ஆள் சேர்ந்தது. துளசிமணி, ஊர் அந்தியூர். கேமரா உடைந்துவிட்டதாம், மைக் ரிப்பேராம், எழுத மட்டும்தான் முடியுமாம். நான் சரோஜாவைக் கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு நாள் வந்து பாருங்கள் என்று உட்காரவைத்தேன். அன்றைக்கு முதல் கேள்விக்கே துளசிமணி, "ஏனுங்க சார், அரையும் காலும் கூட்டுனா ஆறுல ரெண்டுங்களா?" என்று எழுதினாள். மேலே இருப்பதை மேலேயும், கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிட்டாள். சரோஜா வழக்கமாகச் செய்கிற அதே தப்பு. அன்று மயிலைக் காளைக்குப் பின்னால் முதல்முறையாக ஒரு வண்டி நின்றது.

துளசிமணி போன்ற ஒரு மக்கை நான் பார்த்ததில்லை. ஒரு வாரம் முழுக்க எட்டாம் வாய்ப்பாட்டில் நின்றாள். முக்கோணத்துக்கு எத்தனை பக்கம் என்பதில்கூட அவளுக்குச் சந்தேகம் இருந்தது. பார்க்கப் பார்க்க சரோஜாவுக்கு மனசு தாங்கவில்லை. அவளாகவே அந்தப் பெண்ணுக்கு வாய்ஸ் மெசேஜில் சொல்லித்தர ஆரம்பித்தாள். அதில் ஒன்றை எனக்கும் அனுப்பியிருந்தாள்.

"இத பாரு கண்ணு. அரை சத்துமாவு உருண்டை ஒரு கையில, கால் உருண்டை ஒரு கையில. சேத்து வெச்சா முக்கா உருண்டை. நீ சொல்ற ஆறுல ரெண்டுன்னா அரையவிடக் கம்மியாப் போயிருதே. அப்ப மீதிய யாரு தின்னது?"

துளசிமணி எல்லாவற்றுக்கும் "புரியலீங்க்கா" என்றே பதில் எழுதினாள். சரோஜா வேறு மாதிரி சொல்வாள். மறுபடி புரியாது. வேறு மாதிரி சொல்ல வேண்டுமென்பதற்காகவே முதலில் தான் உட்கார்ந்து படிப்பாள். இப்படியே மயிலைக் காளை மெல்ல நகர்ந்து, பெருந்துறையைத் தாண்டி, ஒரு நாள் ஷாகிதாவின் காளையோடு மூக்கு உரசிக்கொண்டு நின்றது. சார் அன்று குலுக்கிய குலுக்கில் சலங்கை அறுந்தே போயிற்று.

மாடியைத் திறந்த பிறகும் பெண்கள் ஃபோன் வகுப்பே சௌகரியம் என்றுவிட்டார்கள். அந்தியூரில் குதிரைச் சந்தை மறுபடி கூடிய ஆடி மாதம், சரோஜா வகுப்பில் ஒரு சேதி சொன்னாள். அந்தியூர்க் கோயிலுக்குப் பண்டிகைக்குப் போகிறாளாம். அப்படியே துளசிமணி வீட்டையும் எட்டிப் பார்த்து, நேரில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்துவிட்டு வருகிறாளாம். ஷாகிதா மசாலாப் பொட்டலம் கொடுத்தனுப்புவதாகச் சொன்னாள். சார் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர் புரையேறி இருமினார்.

வகுப்பு முடிந்ததும் சாரிடமிருந்து எனக்கு ஃபோன் வந்தது.

"மேடம், சரோஜாக்கா அந்தியூருக்கு பஸ் ஏறப் போறாங்க. துளசிமணி ஊட்ல இல்லீங்க."

"எங்க போயிருக்காங்க?"

"எங்கயும் போகலீங்க மேடம். நான் இங்கதான் உக்காந்திருக்கேன்."

ஃபோனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன். பிறகுதான் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. அவர் செம்பைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் குடிக்கத் திரும்பும்போதெல்லாம் துளசிமணிக்குச் சந்தேகம் வந்தது. மேஜைக்குக் கீழே மனைவியின் பழைய ஃபோனில் இடது கையால் தட்டியிருக்கிறார் மனிதர். யாரும் கடைசியாக இருக்கக் கூடாது என்பதற்காகத் தானே போய்க் கடைசியில் நின்றிருக்கிறார். திட்டவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை.

துளசிமணியை ஊரைவிட்டு அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்தோம். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொல்லிவிடலாமா என்றார். போன மாதம்தான் அவளுக்குக் காலேஜ் போகிற மகன் இருப்பதாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள் என்று ஞாபகப்படுத்தினேன். "ஆமாங்க, அவசரப்பட்டு வயசக் கூட்டிப்போட்டேன்" என்று வருத்தப்பட்டார். கடைசியில் சத்தியமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்கு அனுப்பிவைத்தோம். சரோஜா, பரவால்லீங்க, இன்னொரு வாட்டி பாத்துக்கலாமுங்க என்று விட்டுவிட்டாள். அவர் பெருமூச்சு விட்டது ஃபோனில் எல்லாருக்கும் கேட்டது.

பரீட்சை வந்தது. ரிசல்ட்டும் வந்தது. சரோஜா கணக்கில் பாஸ். நான் சொன்னபோது அவள் ஃபோனைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சார் புது சலங்கையோடு டுடோரியல் படியிறங்கிப் போய்ப் பட்டறையில் எல்லாருக்கும் டீ சொன்னார். கடைசி வகுப்பில் சரோஜா மறக்காமல், துளசிமணியும் எழுதினாளுங்களா என்று கேட்டாள். ஹால் டிக்கெட்டைத் தொலைத்துவிட்டாளாம் என்றார் சார். பாவமுங்க, அடுத்த வருஷம் எழுதட்டும் என்றாள் சரோஜா.

அடுத்த வருஷம் புது ஆட்கள் சேர்ந்தார்கள். ரேஸ் தொடங்கிக் கொஞ்ச நாளில் சாருக்குக் கண்ணில் விழித்திரை பிரிந்து ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் ராத்திரி பகல் குப்புறவே படுத்திருக்க வேண்டும், ஃபோனைத் தொடக் கூடாது. போகும்போது அத்தனை வண்டிகளையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு என் கையில் கொடுத்தார். எத்தனை கேலி பண்ணியிருப்பேன், கடைசியில் என் வீட்டு பீரோவிலும் சுண்ணாம்புக் கோடு ஏறிற்று. துண்டு மட்டும் கட்டவில்லை. எனக்கென்று ஒரு கௌரவம் இருக்கிறது.

ஆனால் மனசு அடித்துக்கொண்டது. புதிதாகச் சேர்ந்த ரேவதி என்ற பெண், பழைய சரோஜா மாதிரியே, கணபதியை விட்டு நகராமல் நின்றாள். துளசிமணி வேஷம் கட்ட எனக்குத் தெரியாது. ஒரே சமயத்தில் பேசவும் தட்டவும் வராது. முதல் நாள் சலங்கையை எடுத்துக் கனைத்துக்கொண்டபோது, உள்ளே வரலாமா என்று ஒரு பெயர் திரையில் வந்து நின்றது. துளசிமணி, அந்தியூர்.

குப்புறப் படுத்துக்கொண்டும் இந்த மனிதர் சும்மா இருக்கமாட்டாரா என்று எரிச்சலோடு உள்ளே விட்டேன். "ஏனுங்க மிஸ், அரையும் காலும் கூட்டுனா ஆறுல ரெண்டுங்களா?" என்று வந்தது. தப்பு என்று சொல்லி, அவள் வண்டியை ரேவதிக்குப் பின்னால் நிறுத்தினேன். சற்று நேரத்தில் துளசிமணியின் மைக் தெரியாத்தனமாகத் திறந்துகொண்டது. ஒரே பிள்ளைகள் சத்தம். அதில் ஒரு சின்னக் குரல் மட்டும் அழுதுகொண்டே பக்கத்தில் வந்தது.

"டீச்சர்... சரோஜா டீச்சர்... என்னோட உருண்டைய இவன் தின்னுட்டான்."

மைக் சட்டென்று மூடிக்கொண்டது. பக்கத்து ஊட்டுக் கொழந்தைங்க மிஸ், மன்னிச்சுக்குங்க என்று துளசிமணி எழுதினாள். எனக்கு அடுத்த கேள்வியைப் படிக்க முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, ரோடு வேலை நடக்குதுங்க என்று சொல்லிவிட்டேன்.

அன்று சாயந்தரம் சரோஜாவைக் கூப்பிட்டேன். துளசிமணி சார்தான் என்று எப்போது கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். மொத வாரமே தெரியுமுங்க என்றாள். சார் செம்பைத் தூக்கினால்தானே துளசிமணிக்கு டவுட்டு வரும் என்று சிரித்தாள். அந்தியூர் போகிறேன் என்றது? சும்மா, சார் என்ன பண்றாருன்னு பாக்கலாம்னுதானுங்க என்றாள். தெரிந்துகொண்டா அத்தனை நாள் அந்த மக்குக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று கேட்டேன். அப்போது மட்டும் அவள் சிரிக்கவில்லை.

"எனக்காக ஒருத்தரு தெனமும் தப்புத் தப்பாப் போட்டுட்டு உக்காந்திருக்காருங்க மிஸ். நான் பதில் சொல்லாம இருந்தா நல்லாருக்குமுங்களா?"

உடனே ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டேன். சாரின் மனைவி, குப்புறப் படுத்திருந்தவர் காதருகே ஃபோனை வைத்தார். ஒன்று விடாமல் சொன்னேன்.

"கொழந்தைங்க டீச்சர்னா கூப்புட்டுச்சுங்க?"

"ஆமாங்க சார். சரோஜா டீச்சர்னு கூப்பிட்டுச்சு."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அழக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருங்க மேடம். நீங்க ஏதாச்சும் திட்டுங்க" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவரைத் திட்ட எனக்கு வார்த்தைக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. அன்றைக்குப் பார்த்து ஒன்றும் வரவில்லை. ஃபோனை வைக்காமல் நானும் உட்கார்ந்திருந்தேன்.